கிரில்லிலும் ஸ்மோக்கரிலும் விருந்து சைட் டிஷ்: என்ன கோளாறு, எப்படிச் சரிசெய்வது

பண்டிகை விருந்துக்கு இறைச்சியை ஸ்மோக்கரில், அதாவது குறைந்த சூட்டில் மரப் புகையோடு மெதுவாக வேகவைக்கும் அடுப்பில், ஏற்றியாகிவிட்டது. இனி அதே சூட்டில் உருளைக்கிழங்கும் பீன்ஸும் மக்ரோனி சீஸும் தானாக வெந்துவிடும் என்று பலரும் கணக்குப் போடுகிறார்கள். விருந்து நேரத்துத் தலைவலிகளில் முக்கால்வாசி அங்கேதான் தொடங்குகிறது. பெரிய இறைச்சித் துண்டுக்கு ஏற்ற சூடு 107 முதல் 121 டிகிரி செல்சியஸ். காய்கறிக்கு அது போதாது. அதேபோல் இறைச்சி தாங்குகிற அளவு புகையைப் பாலும் சீஸும் தாங்காது. அதனால் எது கெட்டாலும் செய்முறையைக் குறை சொல்லும் முன் தீயைப் பாருங்கள்: எவ்வளவு சூடு, எந்தப் பக்கம் சூடு, என்ன மாதிரியான புகை.

கீழே அறிகுறி வாரியாகக் கொடுத்திருக்கிறேன். உங்கள் சிக்கல் எதுவோ அதற்கு நேராகப் போகலாம். முதல் இரண்டை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள், மற்றவற்றில் பாதி அவற்றிலிருந்துதான் வருகிறது.

மணிக்கணக்கில் வைத்தும் கிழங்கு வேகவில்லை

கிழங்கில் உள்ள மாவுச்சத்து 60, 70 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். ஆனால் காய்கறியின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் ஏறக்குறைய 85 டிகிரியைத் தாண்டினால்தான் தளரும். முழு உருளைக்கிழங்கு நன்றாக வெந்தது என்று சொல்ல, அதன் நடுப்பகுதி 96 முதல் 99 டிகிரியைத் தொட வேண்டும். 107 டிகிரி ஸ்மோக்கரில் மேற்பரப்பின் ஈரம் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் கிழங்கு குளிர்ந்துகொண்டும் இருக்கிறது. உள்சூடு ஆமை வேகத்தில் ஏறும். கத்தியைச் செருகினால் வெளி ஒரு விரற்கடை வரை வழுக்கிக்கொண்டு போய், நடுவில் நறுக்கென்று நிற்கும். அப்படி நின்றால் இன்னும் ஒரு மணி நேரம் அதே சூட்டில் வைத்துக் காத்திருப்பதில் பலனில்லை, சூட்டைத்தான் கூட்ட வேண்டும்.

கூட்டுவதற்கு முன், இப்போது உண்மையில் எவ்வளவு சூடு இருக்கிறது என்று தெரிய வேண்டும். மூடியில் பதித்த தெர்மாமீட்டர் மூடிக்குக் கீழே உள்ள காற்றைத்தான் அளக்கிறது. கம்பித் தட்டின் மட்டத்தில், பாத்திரத்துக்குப் பக்கத்தில், சூடு 20 டிகிரிக்கு மேல்கூட வித்தியாசப்படலாம். கம்பியோடு உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றைத் தட்டின் மட்டத்தில் வையுங்கள். அதுவே சரியாகக் காட்டுகிறதா என்ற சந்தேகம் இருந்தால் கொதிக்கும் தண்ணீரில் நனைத்துப் பாருங்கள், கடல் மட்டத்தில் 100 டிகிரி காட்ட வேண்டும். உயரமான ஊரென்றால் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் 1 டிகிரி குறையும். டயல் பாரன்ஹீட்டில் இருந்தால் 225 என்பது 107 டிகிரி செல்சியஸ், 350 என்பது 177, 400 என்பது 204.

சூடு சரியாக இருந்தும் வேகவில்லையா? ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த இரண்டு மூன்று பெரிய ட்ரேக்களை ஒரே நேரத்தில் உள்ளே தள்ளினீர்களா என்று யோசியுங்கள். குளிர்ந்த ட்ரேக்கள் சூட்டை உறிஞ்சிவிடும், அதன் மேல் நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்தால் மீளவே மீளாது. இன்னொரு காரணம் புளிப்பு. தக்காளி, வினிகர், எலுமிச்சை எது சேர்ந்தாலும் பெக்டின் விறைப்பாகவே நிற்கும். கிழங்கும் பீன்ஸும் மெத்தென்று வெந்த பிறகுதான் புளிப்புச் சாஸை ஊற்ற வேண்டும்.

தீர்வு: சைட் டிஷ்ஷுக்கு 175 முதல் 200 டிகிரி கொடுங்கள். உள்ளே இறைச்சி இருப்பதால் கூட்ட முடியாதென்றால், கிழங்கையும் கேரட்டையும் உப்புத் தண்ணீரில் முக்கால் பதம் வேகவைத்து, வடித்து, ஆவி அடங்கியதும் புகைக்காக அரை மணி நேரம் மட்டும் ஸ்மோக்கரில் வையுங்கள். எனக்குப் பிடித்த வழி வேறு. பெரிய இறைச்சித் துண்டை இறக்கியதும் வெட்டாமல் 30, 45 நிமிடம் ஆறவிடுவோம் அல்லவா, அந்த நேரத்தில் காற்றுத் துளைகளை முழுக்கத் திறந்து சூட்டை 200 டிகிரிக்கு ஏற்றி, முன்பே பாதி வெந்து தயாராக இருக்கும் ட்ரேக்களை வரிசையாக உள்ளே அனுப்புவது. இறைச்சியும் கெடாது, மேல்புறம் மொறுமொறுவென்று வரும். ஆட்கள் வந்து உட்கார்ந்தேவிட்டார்கள் என்றால், கிழங்கைச் சிறு துண்டுகளாக வெட்டி, அரை டம்ளர் தண்ணீரோடு கனமான பாத்திரத்தில் போட்டு, மூடி, தணலுக்கு நேர் மேலே ஏற்றுங்கள். கால் மணி நேரத்தில் ஆவியில் வெந்துவிடும்.

இதே தலைப்பில் ராஜ்மாவைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இங்கே வேகாமல் போவது ருசிப் பிரச்சினை மட்டும் அல்ல. வேகாத ராஜ்மாவில் பைட்டோஹீமக்ளூட்டினின் என்ற நச்சுப் புரதம் இருக்கிறது. நாலைந்து பயறு போதும், சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். குறைந்த சூட்டில் நீண்ட நேரம் வைப்பதால் இது அழியாது. 80 டிகிரி போன்ற அரைச் சூட்டில் நச்சுத்தன்மை கூடவும் செய்யும். எனவே ஊறவைத்த ராஜ்மாவை நேராக ஸ்மோக்கரில் வைக்கவே கூடாது. குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். 10 நிமிடக் கொதியே நச்சை அழிக்கும், அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பாதுகாப்புக்காக 30 நிமிடம் என்கிறது. நான் 30-ஐத்தான் பரிந்துரைப்பேன். அதன் பிறகு மெத்தென்று வேகும்வரை அடுப்பிலேயே வைத்திருந்து, சாஸ் சேர்த்து, புகைக்கு அனுப்புங்கள். டின்னில் வருவது முன்பே வெந்தது, அதில் இந்தக் கவலை இல்லை.

கசக்கிறது, தொண்டை கமறுகிறது, நாக்கு மரத்ததுபோல் இருக்கிறது

மூடியின் துளை வழியாக வரும் புகையைப் பாருங்கள். வெள்ளையாகவோ மஞ்சள் கலந்தோ திரள்திரளாகச் சுருண்டு வந்தால் மரம் சரியாக எரியவில்லை. அந்தப் புகையில் வருவது கசப்பான தார்ப்பசை. அது கிரில்லின் உட்சுவரில் படிவதுபோலவே உங்கள் சீஸ் மேலும் படியும். நல்ல புகை மெல்லியதாக, லேசான நீல நிறத்தில், பல நேரம் கண்ணுக்கே தெரியாமல் அனலின் அலையாக மட்டும் இருக்கும். சந்தேகமாக இருந்தால் துளைக்குச் சற்று மேலே கையை வீசி முகர்ந்து பாருங்கள். இனிமையான விறகு வாசனை வந்தால் ட்ரேயை உள்ளே வைக்கலாம். கண் எரிந்தால் காத்திருங்கள்.

காரணம் பெரும்பாலும் காற்றுக் குறைவு. சூட்டைக் குறைக்க மேல் துளையை மூடும் பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது. மேல் துளை முழுக்கத் திறந்தே இருக்கட்டும், சூட்டைக் கீழ்த் துளையால் மட்டும் கட்டுப்படுத்துங்கள். மேலே மூடினால் அழுக்குப் புகை வெளியேற வழியின்றி உணவைச் சுற்றிக்கொண்டே இருக்கும். அடுத்து மரம். ஈர மரமும் நிறைய மரமும் இரண்டுமே கெடுதல். மரச் சீவலைத் தண்ணீரில் ஊறவைக்கும் வழக்கத்தால் லாபம் எதுவும் இல்லை. தண்ணீர் மரத்துக்குள் அதிகம் இறங்குவதில்லை, முதலில் வருவது வெறும் நீராவி, கூடவே தணலும் தணிந்துபோகும். நன்றாகக் காய்ந்த, கைப்பிடி அளவுள்ள ஒன்றிரண்டு துண்டு போதும். ஆப்பிள், செர்ரி போன்ற பழ மரங்கள் காய்கறிக்கு இதமானவை. பிசின் வடியும் பைன் வகை, பெயின்ட் அடித்தது, ப்ளைவுட் துண்டு இவை எதையும் தீயில் போடாதீர்கள்.

கரியை மூட்டியவுடன் அவசரமாக ட்ரேயை ஏற்றுவதும் இதே கசப்பைத் தரும். கரித் துண்டுகளின் மேல் சாம்பல் பூத்து வெளிறும்வரை பொறுங்கள். பற்றவைக்கத் திரவம் ஊற்றுவதைவிட, புகைபோக்கி வடிவத்தில் உள்ள கரி மூட்டும் உருளையைப் பயன்படுத்தினால் மண்ணெண்ணெய் வாடை என்ற பேச்சே இருக்காது.

எந்த உணவு என்பதும் முக்கியம். புகை குளிர்ந்த, ஈரமான பரப்பில்தான் அதிகம் ஒட்டும். கொழுப்பு அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மசித்த உருளைக்கிழங்கு, சீஸ், கிரீம், வெண்ணெய் எல்லாம் இந்தக் கணக்கில் வருபவை. இவற்றுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரப் புகை தாராளம், அதற்குப் பிறகு ஃபாயிலால் இறுக மூடிவிடுங்கள்.

ஏற்கனவே கசந்துவிட்டதா? மேல் அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு, புகை படாத இன்னொரு பங்கு செய்து அதோடு கலந்துவிடுவதுதான் உருப்படியான வழி. பீன்ஸ் என்றால் சாஸின் பெரும்பகுதியை வடித்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள். கொஞ்சம் இனிப்பும் புளிப்பும் கசப்பை அமுக்கும், ஆனால் போக்காது.

புகை வாசனையே ஏறவில்லை

பாத்திரம் ஆழமாக இருக்கும், அல்லது மூடியிருக்கும். புகை மேல்பரப்பைத் தாண்டி உள்ளே போகாது. அகலமான, ஆழம் குறைந்த ட்ரேக்கு மாற்றி, 20, 30 நிமிடத்துக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள். இன்னொரு குறுக்கு வழி: வெண்ணெயையோ கிரீமையோ உப்பையோ தனியாகப் புகையிட்டு வைத்துக்கொண்டு கடைசியில் சேர்ப்பது. பெல்லட் ஸ்மோக்கர் (மரத்தூளை அழுத்திச் செய்த சிறு உருண்டைகளை எரிப்பது) என்றால் சூடு கூடக்கூட புகை குறையும், முதல் அரை மணி நேரத்தைக் குறைந்த சூட்டில் ஓட்டிவிட்டுப் பிறகு ஏற்றுங்கள்.

வெளியே கரி, உள்ளே பச்சை

தணல் முழுவதையும் கிரில்லின் அடியில் சமமாகப் பரப்பியதன் விளைவு. எல்லாத் தணலையும் ஒரு பக்கமாக ஒதுக்குங்கள். காஸ் கிரில் என்றால் ஒரு பக்கத்து பர்னரை அணைத்துவிடுங்கள். பூசணி, கேரட், சர்க்கரைவள்ளி போன்ற கெட்டியானவற்றை முதலில் தணல் இல்லாத பக்கத்தில் மூடிபோட்டு வேகவைத்து, வெந்ததும் தணல் பக்கம் கொண்டுவந்து ஓரிரு நிமிடம் நிறம் ஏற்றுங்கள். பலர் முதலில் கருக்கிவிட்டுப் பிறகு வேகவைக்கிறார்கள். இறைச்சிக்கு அது சரிப்படலாம், காய்கறிக்கு இந்த வரிசைதான் எனக்கு நம்பகமாகத் தெரிகிறது.

தேன் அல்லது சர்க்கரை தடவிய காய் என்றால் கருகுவது இன்னும் சீக்கிரம். 160 டிகிரிக்கு மேல் சர்க்கரை நிறம் மாறத் தொடங்கும், நேர்த் தணலின் மேல் கண்மூடித் திறப்பதற்குள் கரியாகிவிடும். தடவுவதைக் கடைசி 5 நிமிடத்துக்குத் தள்ளிவையுங்கள்.

கம்பியில் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வருகிறது

கம்பி சூடாகவில்லை, அல்லது பழைய பிசுக்கு இருக்கிறது, அல்லது காய் ஈரமாக இருக்கிறது. மூடிபோட்டு 10, 15 நிமிடம் கம்பியைக் காயவிட்டு, தேய்த்து, காயை ஈரம் போகத் துடைத்து, எண்ணெயைக் காயின் மேல் தடவுங்கள். வைத்ததும் நோண்டாதீர்கள். அடிப்பக்கம் நிறம் பிடித்ததும் தானாகவே விடும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் பிறகு ஈரத் துணியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள், உதிர்ந்த கம்பி முள் உணவோடு தொண்டைக்குப் போன விபத்துகள் நிறைய உண்டு.

சொதசொதவென்று நீர் விட்டுக்கொண்டது

காளான், சுரைக்காய் இனத்தைச் சேர்ந்த ஸுக்கினி, கத்தரிக்காய் எல்லாம் பெரும்பாலும் தண்ணீர்தான். ட்ரேயில் நெருக்கமாக அடுக்கி மூடிபோட்டால் தங்கள் நீரிலேயே அவிந்துபோகும். அகலமான துண்டுகளாக வெட்டி, இடைவெளி விட்டு, நேராகக் கம்பி மேலே, மூடியைத் திறந்து சுடுங்கள். காயை எடுக்கும் நேரத்தில்தான் உப்புப் போட வேண்டும்.

பச்சைக் காய்களின் நிறம் மங்கிக் காக்கி நிறமானால், மூடிக்குள் அதிக நேரம் இருந்துவிட்டது அல்லது எலுமிச்சை முன்பே சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு, ஐஸ் தண்ணீரில் ஆற்றி வைத்துக்கொண்டால் கிரில்லில் இரண்டு மூன்று நிமிடம் போதும்.

மக்ரோனி சீஸ் திரிந்து எண்ணெய் மிதக்கிறது, அல்லது வறண்டு கட்டியாகிவிட்டது

சீஸ் அதிகச் சூட்டில் புரதம் இறுகிச் சுருங்கும், கொழுப்பு வெளியே தள்ளப்படும். ஓரங்களில் மஞ்சள் எண்ணெய் வளையம் தெரிய ஆரம்பிப்பதுதான் முதல் அறிகுறி. அப்போதே ட்ரேயைத் தணலிலிருந்து தள்ளிவையுங்கள். நன்கு முதிர்ந்த சீஸ் சுலபமாகத் திரியும், இளம் சீஸ் நிதானமாக உருகும். இரண்டையும் கலந்துகொள்வது நல்லது. வெண்ணெயில் மாவு வறுத்துப் பால் ஊற்றிய சாஸை அடித்தளமாக வைத்தால் மாவுச்சத்து சீஸைப் பிடித்து நிறுத்தும். சீஸின் கொழுப்பு பிரியாமல் காக்கும் சோடியம் சிட்ரேட் என்ற உப்பு கிடைத்தால் சிறிதளவு சேர்த்தால் போதும், திரிவது கிட்டத்தட்ட நின்றுவிடும். பாக்கெட்டில் துருவி வரும் சீஸ் ஒட்டாமல் இருக்க மாவுப் பொருள் கலந்திருப்பதால் சாஸ் வழவழப்பாக வராது, கட்டியாக வாங்கி நீங்களே துருவுங்கள்.

வறண்டுபோவது வேறு கதை. ஸ்மோக்கருக்குள் காற்று ஓடிக்கொண்டே இருப்பதால் வீட்டு அவனைவிட ஈரம் வேகமாகப் போகும், மக்ரோனியும் தன் பங்குக்கு சாஸை உறிஞ்சும். எனவே மக்ரோனியைக் கொஞ்சம் விறைப்பாகவே வடித்து, சாஸைத் தேவைக்கு மேல் தளதளவென்று, கிட்டத்தட்ட சூப் மாதிரி கலந்து உள்ளே வையுங்கள். வெளியே எடுக்கும்போது அளவாக இருக்கும். திரிந்துவிட்டதைச் சரிசெய்ய, சூடான பால் ஒரு கரண்டி விட்டு அடுப்பிலிருந்து இறக்கி வேகமாகக் கலக்குங்கள். ஓரளவு கூடிவரும்.

அடிப்பிடிக்கிறது, அல்லது உலோக வாடை வருகிறது

மெல்லிய அலுமினிய ட்ரேயின் கீழ் நேராக அனல் அடித்தால் ஸ்டஃபிங் (ரொட்டித் துண்டுகளில் மசாலா சேர்த்துச் செய்வது) போன்றவை அடியில் கரிந்து, மேலே ஈரமாகவே நிற்கும். இரண்டு ட்ரேயை ஒன்றுக்குள் ஒன்றாக வையுங்கள், கீழே சிறு கம்பித் தட்டு வைத்து உயர்த்துங்கள். முட்டையோ இறைச்சிச் சாறோ சேர்ந்த ஸ்டஃபிங் நடுவில் 74 டிகிரியைத் தொட்டிருக்க வேண்டும். பச்சை இறைச்சியிலிருந்து சொட்டும் நீர் விழும் இடத்தில் சைட் டிஷ்ஷை வைத்திருந்தால் அதற்கும் இதே 74 டிகிரிதான் எல்லை. தக்காளி, வினிகர் சேர்ந்த எதுவும் அலுமினியத்தை அரிக்கும், உலோக வாடை அங்கிருந்துதான் வருகிறது. எனாமல் அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாத்திரத்துக்கு மாற்றுங்கள்.

காஸ் கிரில் சூடேற மறுக்கிறது

எல்லா பர்னரையும் முழுக்கத் திறந்தும் 150 டிகிரியைத் தாண்டாமல் தீ குட்டையாக எரிந்தால் சிலிண்டர் காலி என்று முடிவுகட்டாதீர்கள். பல ரெகுலேட்டர்களில் கசிவு ஏற்பட்டால் காஸைக் குறைக்கும் ஒரு பாதுகாப்பு அமைப்பு உண்டு. சிலிண்டர் வால்வைச் சட்டென்று திறந்தாலோ, பர்னர் திறந்திருக்கும்போதே வால்வைத் திறந்தாலோ, அது கசிவென்று நினைத்துக்கொள்ளும். பர்னர்களையும் சிலிண்டரையும் மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி, ஒரு நிமிடம் விட்டு, மறுபடி மாட்டி, வால்வை மிக மெதுவாகத் திறந்து, அதன் பிறகே பர்னரைத் திறந்து பற்றவையுங்கள். இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். குமிழி வந்தால் சமையல் அன்றைக்கு அதோடு நிற்கட்டும்.

கடும் குளிரில் சிலிண்டருக்குள் அழுத்தமே குறையும், நிறைந்த சிலிண்டர் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். கரி கிரில்லில் குளிரைவிடக் காற்றுதான் எதிரி. கிரில்லைக் காற்றுக்கு மறைவான பக்கம் திருப்பி வையுங்கள். ஆனால் குளிருக்குப் பயந்து கராஜ், கூடாரம், மூடிய வராந்தா என்று உள்ளே கொண்டுபோகாதீர்கள். கரியும் காஸும் வெளியிடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, ஆளைக் கொன்றுவிடும்.

திடீரென்று தீ எழும்புகிறது

வெண்ணெயோ எண்ணெயோ தணலில் சொட்டுகிறது. ட்ரேயை எடுக்க முடிந்தால் எடுத்துவிட்டு, மூடியைப் போட்டு எல்லாத் துளைகளையும் அடையுங்கள். காஸ் என்றால் கைக்கு எட்டும் தூரம் பாதுகாப்பாக இருந்தால் அதை அணையுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது, எரியும் கொழுப்பு சிதறும்.

எல்லாம் தயார், ஆனால் இறைச்சி இன்னும் ஒரு மணி நேரமாகும்

சைட் டிஷ்ஷை மூடிபோட்டு, தணல் இல்லாத பக்கத்தில், உணவின் சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். தடித்த துணி சுற்றி, வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிய கூலர் பெட்டியில் வைத்தாலும் ஒரு மணி நேரம் தாங்கும், அவ்வப்போது தெர்மாமீட்டரால் பாருங்கள். மொறுமொறுப்பாக இருக்க வேண்டியதை மட்டும் மூடாதீர்கள், நமுத்துப்போகும்.

ஃபாயிலில் சுற்றிச் சுட்ட உருளைக்கிழங்கை அப்படியே மேசையில் ஆறவிடுவதுதான் இந்தக் கட்டத்தில் ஆபத்தான காரியம். மண்ணிலிருந்து வரும், பாட்யூலிசம் என்ற கொடிய உணவு நச்சு நோயைத் தரும் கிருமியின் வித்துகள் சுடும் சூட்டைத் தாங்கும். ஃபாயிலுக்குள் காற்றில்லாத ஈரத்தில், சாதாரண அறைச் சூட்டில், அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். 1994-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் எல் பாசோ நகர உணவகம் ஒன்றில் இப்படிச் சுற்றியபடியே வெளியில் வைத்திருந்த கிழங்கில் செய்த உணவால் 30 பேர் பாதிக்கப்பட்டார்கள். சூடாக வைத்திருக்க முடியாதென்றால் ஃபாயிலை உடனே பிரித்து, கிழங்கைத் தட்டில் பரப்பி, 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியில் 32 டிகிரிக்கு மேல் வெயில் இருந்தால் 1 மணி நேரம்தான் கெடு, மற்ற சைட் டிஷ்களில் மீந்ததற்கும் இதே கணக்குதான்.